முட்டை அறையில் முதிர்ந்த புட்டி

காலை 5.50. திருவரங்கத்தை அடுத்த நம்பர் ஒன் டோல்கேட்டில் நாமக்கல் பேருந்தில் ஏறினேன். பயணச்சீட்டு எழுபத்தெட்டு ரூபாய். தொலைவு எண்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த இதழில் இதுகாறும் நான் எழுதியவை எல்லாம் திவ்யதேச யாத்திரைகள். இது ஒரு மதுப்புட்டி திறக்கப்படுவதைக் காணச் சென்று வந்த கதை. முகம் சுளிக்க விரும்பும் அன்பர்கள் சுளிக்கலாம். நான் திரும்பி வந்து பதினொரு நாளாகிறது. என் முகமும் இன்னும் நேராகவில்லை. அதற்குக் காரணம் மது அன்று.

புட்டியின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் கல்லூரி விடுதியில் என்னோடு மூன்றாண்டு ஓர் அறையில் இருந்தவர் பழனிவேல். நான் தமிழாசிரியனானேன், அவர் நாமக்கல்லுக்குத் திரும்பி, கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்திப் பெருஞ்செல்வரானார். சனிக்கிழமைதோறும் விடியலில் தொலைபேசியில் அழைத்து, என்னைப் பத்துப் பாசுரம் சொல்லச் சொல்லிக் கேட்பார். முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பொரிப்பகத்தில் முட்டைகளை அடைகாக்கும் பொறிகளை நிறுவ ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் வந்து மூன்று மாதம் தங்கினார். ஊர் திரும்பும் நாளில், தம் நாட்டுச் சிவப்பு ஒயின் புட்டி ஒன்றைப் பழனிவேலின் கையில் கொடுத்து, “இப்போது திறக்காதே. இருட்டில், குளிர்ச்சியில், படுக்கவைத்து முப்பது ஆண்டு காத்திரு. அப்புறம் குடித்துப் பார்” என்றாராம்.

நாமக்கல் வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? பழனிவேலிடம் ஒரே ஓர் இடம் இருந்தது. பொறியில் ஏற்றும் வரை முட்டைகளை வைத்திருக்கும் குளிரறை. பதினாறு பாகை, ஈரக்காற்று, இருட்டு. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் காளியப்பன். பண்ணைக்குக் கிழக்கே காலனியில் குடியிருப்பவர். அன்று முப்பத்திரண்டு வயது. புட்டியை அவரிடம் ஒப்படைத்த பழனிவேல், “தொறக்கற அன்னைக்கு மொத வாய் உனக்குத்தான், காளி” என்று சொன்னார். அப்போது நானும் அருகில் நின்றிருந்தேன்.

சென்ற ஆண்டு பழனிவேல் மறைந்தார். சேலத்து மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, “பையன் மறந்துருவான். நீ வந்து நின்னு காளிக்குக் குடுக்க வெக்கோணும்” என்றார். ஆண்டுத் திதி முடிந்தது. மகன் சரவணன் அழைத்தான்: “ஞாயித்துக்கெழம அந்த பாட்டில் தொறக்கறமுங்க ஐயா. எங்கய்யன் உங்களைக் கூப்பிடச் சொல்லீருக்காருங்க.” மது தீண்டாத இந்த வாயோடு நான் புறப்பட்டது அதற்காக.

7.15. முசிறி. தேநீர் பன்னிரண்டு ரூபாய். குணசீலத்துப் பெருமானைப் பேருந்துச் சன்னல் வழியே கைகூப்பிவிட்டு வந்திருந்தேன். நெற்றியில் திருமண்ணைக் கண்ட நடத்துநர் பேச்சுக் கொடுத்தார்.

“ஏனுங்க சாமி, ஆஞ்சநேயர் கோயிலுக்குங்களா?”

“அவரையும் சேவிப்பேன். முதன்மையாக, ஒரு நண்பர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போகிறேன்.”

“அட, அதுக்கு டிக்கட்டைவிட செலவாகுமுங்களே” என்று சிரித்துக்கொண்டே விசிலை ஊதினார். தொட்டியம் தாண்டியதும் காவிரி எங்களை விட்டு விலகிற்று. வாழைத்தோப்புகள் முடிந்து செம்மண் காடுகள் தொடங்கின. சாலையின் இருமருங்கும் நீண்டு கிடந்த கொட்டகைகளில் கோழிகளின் ஓசை, தொலைவில் மழை பெய்வது போலக் கேட்டது.

8.40. நாமக்கல். ஒரே கல்லாய் எழுந்து நிற்கும் அந்த மலையின் மேற்குப் புறத்தில், குடைவரைக்குள் நரசிம்மர். தூணைப் பிளந்து வந்த சினம் பாறைக்குள் அமர்ந்திருக்கிறது. அவருக்கு நேர் எதிரே, கூரை ஏதுமின்றி, வெயிலும் மழையும் தாங்கிப் பதினெட்டடி உயரத்தில் ஆஞ்சநேயர் கூப்பிய கையோடு நிற்கிறார். நாமகிரித் தாயார் சன்னதியில் அரை மணி நேரம் இருந்தேன். கூட்டம் குறைவு. துளசி வாங்கிய கடைக்காரர் சில்லறை இல்லையென்று இரண்டு ரூபாய்க்குக் கூடுதல் துளசி கொடுத்தார். அந்தக் காலைப்பொழுதில் எனக்கு எவர்மேலும் வருத்தமில்லை.

9.50. சேலம் சாலையில் பதினொரு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றெண்பது ரூபாய். பண்ணை வாயில் வரைதான் வருவேன் என்று ஓட்டுநர் முன்னரே சொல்லிவிட்டார்.

“உள்ள போனா டயருக்கு மருந்தடிப்பாங்க சாமி. நோய் வந்துருமாமா. உங்க காலுக்கும் அடிப்பாங்க, பாத்துக்குங்க.”

“என் காலில் என்ன நோய்?”

“கோழிக்கு என்னங்க தெரியும், இது யாரு காலுன்னு?”

அடித்தார்கள். காலணியைக் கழற்றி, மருந்துநீர்த் தொட்டியில் கால் நனைத்து, அவர்கள் தந்த ரப்பர் செருப்பையும் வெள்ளை அங்கியையும் அணிந்தேன். வாயிலில் எனக்காகக் காத்திருந்தவர் காளியப்பன். அறுபத்து மூன்று வயதுக்கு மெலிந்த, நிமிர்ந்த உடல். தேய்த்த வெள்ளைச் சட்டை. மடிப்பு கலையாத வேட்டி.

“வாங்க சாமி. ஐயா இருந்தா வாசல்லயே நின்னுருப்பாருங்க. மொதல்ல ரூமைப் பாக்கறீங்களா?”

கனத்த கதவைத் தள்ளினார். உள்ளே சித்திரை வெயில் ஒரே அடியில் மார்கழியானது. தரைமுதல் தலைவரை அட்டைத் தட்டுகளில் ஆயிரமாயிரம் முட்டைகள். மூலையில், அடித்தட்டில், புட்டி இதுநாள்வரை படுத்திருந்த இடம் குழிவாய்த் தெரிந்தது. அன்று காலைதான் அதை மேலே கொண்டுபோயிருந்தார்கள்.

“கரண்டு இல்லாத காலம் ஒண்ணு வந்துச்சுங்களே, நாளுக்குப் பத்து மணி நேரம், பன்னண்டு மணி நேரம். ஜெனரேட்டர் ரெண்டுதடவ படுத்துக்கிச்சு. ஈரச்சாக்கு சுத்தி மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. முட்டைக்கு மருந்துப் புகை போடற அன்னைக்கெல்லாம் வெளிய எடுத்துட்டு வந்துருவேன். புகை உள்ள ஏறிருச்சுன்னா?”

“கார்க்கு அடைத்திருக்கிறதே.”

“அடைச்சிருந்தா என்னங்க, முட்டை ஓடு கூடத்தான் அடைச்சிருக்குது. அது மூச்சு உடலீங்களா? இந்த ரூமு வாசம் அதுல ஏறிருக்குமோன்னுதானுங்க சாமி இத்தனை வருசமா எனக்குப் பயம். இன்னைக்கு ஒரு வாய் குடிச்சா தெரிஞ்சுபோகும். நான் கள்ளுகூடத் தொடமாட்டனுங்க. ஒரு வாய் போதும்.”

பின்னர், தயக்கத்தோடு இன்னொன்றும் சொன்னார். பொரிக்கும் முட்டையை வைத்திருக்கையில் நாளுக்கு ஒருமுறை சாய்த்துத் திருப்ப வேண்டும். இல்லையேல் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே புட்டியையும் அவர் நாள்தோறும் திருப்பியிருக்கிறார். திருப்பியதற்கு அடையாளமாக அதன் அடியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. முப்பத்தோரு ஆண்டு. இதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் எவரும் சொல்லவில்லை. தீபாவளியன்றும் திருப்பினார். தம் மகளின் திருமணத்தன்று, தாலி கட்டி முடிந்ததும் மிதிவண்டியில் வந்து திருப்பிவிட்டுப் போனார். நாள் தவறாத கைங்கரியம் என்று நாங்கள் மேடையில் பேசுகிறோமே, அதை நான் அந்தக் குளிரறையில் கண்டேன்.

11.40. பண்ணை வீட்டின் முன்கூடம். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, நீள்கால் கண்ணாடிக் கோப்பைகள் எட்டு. சரவணன், அவன் மைத்துனன் துரைசாமி, தீவனமும் முட்டையும் வாங்கி விற்கும் விருந்தினர் நால்வர், சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்த வினோத் என்னும் இளைஞர். இவர் கப்பல் உணவகத்தில் ஒயின் பரிமாறும் பணியில் எட்டாண்டு இருந்தவர், கோப்பைகளும் அவருடையவை. எட்டாவது கோப்பையை மரியாதைக்காக எனக்கு வைத்திருந்தார்கள். “நீங்க திராட்சை ஜூஸ் சாப்பிடுங்க ஐயா” என்றான் சரவணன். காளியப்பன் கூடத்துக்குக் கீழே, மூன்று படி இறங்கி, முற்றத்து வெயிலில் நின்றார்.

நொறுங்கும் தக்கையை இரட்டைக் கம்பி கொண்டு கால்மணி நேரம் கெஞ்சிக் கூத்தாடி எடுத்தார் வினோத். புட்டியை ஒளிக்கு எதிரே பிடித்ததும் அவர் முகம் மாறியது.

“என்னங்க இது, ஒரே கலங்கலா இருக்கு? மண்டி அடியில உக்காந்திருக்கணுமே. யாராவது ஆட்டினீங்களா?”

படியின் கீழிருந்து காளியப்பன் உண்மையைச் சொன்னார். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

“முட்டைன்னு நெனச்சு அடை வெச்சுட்டானாட்ட இருக்குது!” என்றார் துரைசாமி.

“மூடி தொறந்தாச்சு, குஞ்சு எங்க மாப்ள?” என்றார் தீவன வணிகர்.

“இருவத்தோரு நாளுல பொரிக்கலீன்னா கூமுட்டைன்னு தூக்கிப் போட்டிருக்கோணுமல்லோ!” என்றார் இன்னொருவர்.

காளியப்பனும் சிரித்தார். அப்படிச் சிரித்தே ஆகவேண்டிய இடத்தில் நிற்பவரின் சிரிப்பு அது. அதற்கே எனக்குள் சினம் மூண்டது. விருந்தினர் வேடிக்கை என்று அடக்கிக்கொண்டேன்.

வினோத் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லிய துணியால் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் வடிகட்டி, கெட்டுவிட்டதா என்று அறிய மட்டும் தம் கோப்பையில் ஒரு துளி விட்டு, முகர்ந்து, நாவில் வைத்து, கண்ணை மூடினார். பழைய செங்கல்லின் நிறம். நாவற்பழமும், மழைக்குப் பிந்தைய மண்ணும், பூட்டியே கிடந்த சந்தனப் பேழையும் கலந்தாற்போன்ற மணம் என் இருக்கை வரை வந்தது.

“உயிரோட இருக்குங்க” என்றார் கடைசியில். “கலங்கிடுச்சு, அது வேற விஷயம். ஆனா இந்த ஊர் வெயில்ல இத்தனை வருஷம் இது கெடாம இருந்ததே பெரிசு. சூடு ஒரு நாள்கூட ஏறியிருக்காது. வெச்சிருந்தவருக்குத்தான் சொல்லணும்.”

“எங்க கோல்டு ரூமு அப்படிங்க” என்று நிமிர்ந்து உட்கார்ந்தான் சரவணன்.

நான் எழுந்தேன். முதல் வாய் காளியப்பனுக்கு என்று அவன் தந்தை சொன்னதையும், மருத்துவமனையில் மீண்டும் சொன்னதையும் அனைவருக்கும் கேட்கும்படி கூறினேன்.

“ஆமாங்கய்யா, எங்கய்யன் சொல்லீருக்காருங்க. குடுத்தர்லாமுங்க” என்றான் சரவணன் மிக இனிமையாக. அடுத்த கணம் படியை நோக்கி, “டே காளி, இங்க வாடா” என்றான். முப்பத்தாறு வயதுப் பிள்ளை, அறுபத்து மூன்று வயதுப் பெரியவரை. எனக்கு எத்தனை ‘ங்க’ வைத்தானோ, அத்தனையையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டான்.

காளியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு முதற்படி வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. துரைசாமி தேநீர்க் குடத்தருகே அடுக்கியிருந்த காகிதக் குவளைகளில் ஒன்றை உருவினார். வடிகட்டிய துணியை அதனுள் பிழிந்தார். ஆம், அன்பர்களே, பிழிந்தார். மண்டியும் தக்கைத் தூளுமாய் ஒரு மடக்கு. அதைத்தான் நீட்டினார்.

“கண்ணாடிக் கோப்பையில் கொடுங்கள்” என்றேன்.

“எட்டுதானுங்க இருக்குது” என்றான் சரவணன்.

“என்னுடையது காலியாக இருக்கிறது. அதில் ஊற்றுங்கள்.”

பிறகு துரைசாமி, குரலைத் தாழ்த்தி, எனக்கு நன்மை செய்பவர் போலச் சொன்னார்:

“நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா? அப்பறம் அந்தக் கிளாசை யாருங்க கழுவறது? நாளைக்கு வினோத்து அதுல இன்னொருத்தருக்கு ஊத்தோணுமல்லங்க?”

ஒரு சொல்லில்கூட மரியாதை குறையவில்லை. இத்தனை பணிவான தமிழில் இத்தனை இழிவைப் பேச முடியும் என்பதை என் எழுபத்து நான்காம் வயதில் அறிந்தேன். முப்பத்தோரு ஆண்டு அந்தப் புட்டியை ஏந்திய கை ஆகாது என்று எவரும் சொல்லவில்லை. அவர் உதடு பட்ட கண்ணாடிதான் ஆகாது. அவர் கைபட்டுப் போகும் முட்டையை நாடே தின்னலாம். அவர் வாய்பட்ட கோப்பையைக் கழுவினாலும் தீராது. எந்த நூல் சொன்னது இதை? அடியவர் எக்குலத்தாராயினும் அவரே நம்மை ஆள்பவர் என்று பாடியவர்களின் மண் இது. அந்தப் பாசுரங்களை இந்த வீட்டுக்குத்தான் சனிக்கிழமைதோறும் தொலைபேசி வழியே நான் ஓதினேன். எங்கே போயிற்று அது? சுவரில் ஒட்டிக்கொண்டதா?

ஒன்றை மறைக்கக் கூடாது. துரைசாமி சொன்னதும் நான் உடனே பேசிவிடவில்லை. இரண்டு மூச்சு நேரம் நின்றேன். விருந்தினன் ஆயிற்றே என்று ஒரு கோழை எண்ணம் என்னுள் நின்றது. அதற்குள் காளியப்பன், “உடுங்க சாமி, கப்பே போதுமுங்க” என்று காகிதக் குவளைக்குக் கை நீட்டிவிட்டார். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது.

மது வடித்த சாடியை நானே எடுத்தேன். என் கோப்பையில் இரண்டு விரல் அளவு ஊற்றி, மேசையைச் சுற்றி வந்து, படியிறங்கி, அவர் முன் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவர் கண் என்னைத் தாண்டிச் சரவணனிடம் போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மகன் இந்தப் பண்ணையில் தீவன வண்டி ஓட்டுகிறான். மருமகள் இங்கேதான் முட்டை பிரிக்கிறாள். என் சினத்துக்கு மாலையில் திருவரங்கம் செல்லும் பேருந்து இருக்கிறது. அவருக்கு எந்தப் பேருந்து?

சரவணன் எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தான்.

“சேரி ஐயா, பெரியவங்க சொல்றீங்க. காளி, வாங்கிக் குடி. கிளாசை நீயே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு. வினோத்துக்கு நான் புதுசு வாங்கித் தந்தர்றேன்.”

கூடத்தில் ஒரு நிம்மதி பரவிற்று. “பாத்தீங்களா, மனசு!” என்றார் ஒருவர். தீட்டைக் கொடையாகச் சுற்றிக் கொடுத்தாயிற்று, எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். வாய்திறந்து நான் வசை சொன்னதில்லை. அன்று நாக்கு நுனிவரை வந்தது.

காளியப்பன் என் கையிலிருந்து கோப்பையை வாங்கினார். காம்பைப் பிடிக்கத் தெரியாமல், கைக்குழந்தையின் தலையைத் தாங்குவது போல அடியில் உள்ளங்கை கொடுத்துப் பிடித்தார். முகர்ந்தார். ஒரு வாய் வைத்து, விழுங்காமல் வெகுநேரம் நின்றார். வினோத் எழுந்து படியோரம் வந்து நின்றார்.

“எப்படிங்க இருக்கு?” என்று கேட்டார். அன்று காளியப்பனுக்குக் கிடைத்த முதல் ‘ங்க’ அது.

“மொதல்ல துவர்ப்புங்க, கொட்டைப்பாக்காட்ட. அப்பறம் நாவப்பழத்துத் தோலு. கடைசியில என்னமோ காஞ்ச எலை, மழை பேஞ்ச காடு…” சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பினார். “முட்டை வாசம் ஏறலீங்க, சாமி! துளிகூட இல்லீங்க. மருந்து வாசமும் இல்லீங்க.”

எஞ்சியதைக் குடித்தார். பின்னர், நான் கண்டிராத ஒன்றைச் செய்தார். மூன்று படிகளையும் ஏறினார். கூடத்துக்குள் நடந்து, வெள்ளை விரிப்பின் மேல், மற்ற ஏழு கோப்பைகளின் நடுவே தம் கோப்பையை வைத்தார்.

“கிளாசு எனக்கு எதுக்குங்க, சின்னவரே. எங்க ஊட்டுல குடிக்கத் தம்ளாரு இருக்குதுங்க. எல்லாத்தோடயும் சேத்துக் கழுவிக்குங்க.”

குரல் உயரவில்லை. திரும்பி நடந்து, படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு குளிரறைப் பக்கம் போனார்.

“நாளைக்குப் பேசிக்கலாம், காளி” என்று துரைசாமி அவர் முதுகை நோக்கிச் சொன்னார். அதன் பொருள் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பின் அந்த மேசையில் ஒருவரும் குடிக்கவில்லை. உலகின் மறுகோடியில் பிறந்து, முப்பத்தோரு ஆண்டு காக்கப்பட்டு, உயிரோடு கண்விழித்த ஒரு பொருள், குடிப்பதற்கென்றே வந்தவர்கள் நடுவில் வெயிலேறிப் புளித்துக்கொண்டிருந்தது. எட்டுக் கோப்பைகளையும் வினோத் தாமே குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, ஒரே பெட்டியில் அடுக்கினார். எதிலும் அடையாளம் இல்லை. துரைசாமி அந்தப் பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

1.30. சாப்பிடாமல் புறப்பட்டேன். சரவணனிடம், “உன் தந்தையின் வாக்கு இன்று காப்பாற்றப்பட்டது, உன்னால் அல்ல” என்று மட்டும் சொன்னேன். அவன் தலைகுனிந்து, “வெயில்ல போறீங்களே ஐயா, கார் அனுப்பட்டுங்களா?” என்றான். அந்த மரியாதையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. வாயில்வரை காளியப்பன் உடன் வந்தார்.

“என்னால் உங்களுக்குக் கேடு வருமா?” என்று கேட்டேன்.

“வந்தா வரட்டுங்க. நாளைக்கு வேலைக்கு வாரேன். அந்த ரூமை நடத்த அவுங்களுக்கு வேற ஆளு இல்லீங்க, அது எனக்கும் தெரியும், அவுங்களுக்கும் தெரியும்.” சற்று நின்று, “நீங்க ஒரு வாய் குடிச்சிருக்கோணும் சாமி. நல்லா இருந்துச்சுங்க” என்றார்.

3.10. நாமக்கல்லிலிருந்து திருச்சிப் பேருந்து. அதே எழுபத்தெட்டு ரூபாய். வழியெல்லாம் என் உள்ளத்துக்குள் அந்த ஊரைக் கொளுத்திக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் இப்படியன்று. விடியலில் வீதிதோறும் பாசுரம் ஒலிக்கும் ஊர் எங்களுடையது என்று இந்தக் கட்டுரையின் முடிவை அப்போதே மனத்தில் எழுதியும்விட்டேன். முசிறி தாண்டும்போது, வீட்டில் மருமகள் வைதேகியைத் தொலைபேசியில் அழைத்து, ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்றேன்.

“சாப்டேளாப்பா? குரலே சரியில்லையே.”

நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்தபின் ஏனோ எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் கண்ணில் வந்தது. துணி துவைக்கும் கல்லுக்கு மேலே ஒரு சிறு மாடம். அதில் கவிழ்த்து வைத்த, விளிம்பு நெளிந்த ஓர் எவர்சில்வர் டம்ளர்.

“கொல்லை மாடத்தில் கவிழ்த்திருக்கிறதே, அந்த டம்ளர் யாருக்கு, வைதேகி?”

“அது நம்மாத்துல பாத்திரம் தேய்க்கிற மாரியம்மாவுக்குப்பா. நான் கல்யாணமாகி வந்த புதுசுல அவளுக்கு உள்டம்ளர்லதான் காபி கொடுத்தேன். நீங்கதான் கூப்பிட்டு, இதைத் தனியா வெச்சுடும்மான்னு எடுத்துக் கொடுத்தேள்.”